பதினைந்தாவது நிமிடத்தில் நிற்கும் புல்லட்

சாவியைத் திருப்பியதும் மெக்கானிக்கின் கண் போவது ஹெட்லைட்டுக்கு மேலே பதித்திருக்கும் சின்ன அம்மீட்டருக்கு. கிக்கரைக் காலால் மெல்ல அழுத்துகிறார். ஓர் இடத்தில் முள் நடுவிலிருந்து கழித்தல் பக்கம் சாய்கிறது. இன்னும் கொஞ்சம் அழுத்த, பாதத்தின் அடியில் காற்று இறுகுகிறது. சரியாக அங்கே முள் சட்டென்று நடுவுக்குத் திரும்புகிறது. டீகம்ப்ரஸர் லீவரை விரலால் இழுக்கிறார். அடைபட்ட காற்று சீறி வெளியேற, பிஸ்டன் உச்சியைத் தாண்டி ஒரு துளி இறங்குகிறது. லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, முழு உடம்பின் எடையோடு ஒரே மிதி. வண்டி பிடித்துக்கொள்கிறது.

பதினைந்து நிமிடம் அருமையாக ஓடுகிறது. பிறகு ஒருமுறை விக்கி, இருமுறை விக்கி, நின்றுவிடுகிறது. அரைமணி நேரம் நிழலில் விட்டால் மறுபடி ஒரே மிதியில் கிளம்பும். மறுபடி பதினைந்து நிமிடம்.

பழைய புல்லட்டுகளைப் பிரித்து மறுபடி கோக்கும் பட்டறைகளில் இது பழகிய காட்சி. அப்படி ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். அப்பா காலத்து 350. பல வருடம் வீட்டு ஓரத்தில் நின்றது. மகன் காசு சேர்த்து முழுவதையும் பிரித்து வேலை பார்த்திருக்கிறார். சேஸிஸுக்குப் பவுடர் கோட்டிங், லேத்தில் கொடுத்துச் சிலிண்டர் போர் செய்தது, புது பிஸ்டன், புது ரிங், புது வால்வு, கிராங்க் பிரித்து பிக் எண்ட் புஷ் மாற்றியது, புது பாயின்ட், புது கண்டென்சர், புது பிளக். டேங்குக்குப் பெயின்ட், மூடிக்குக் குரோம். செலவுக் கணக்கு எழுதிய நோட்டில் பக்கம் தீர்ந்துவிட்டது. இப்போது வண்டி பதினைந்து நிமிடத்துக்கு மேல் ஓடவில்லை.

"போர் டைட்டா இருக்கும்ணே. மறுபடி என்ஜினை இறக்கிடலாமா?"

"அவசரப்படாத தம்பி. அடுத்த தடவை நிக்கும்போது நான் பக்கத்துல இருக்கணும்."

இந்தப் பதிலில் ஒரு முறை இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள என்ஜினைக் கொஞ்சம் அறிய வேண்டும்.

இங்கிலாந்தின் ரெடிச் நகரில் 1901-ல் முதல் மோட்டார் சைக்கிளைச் செய்த ராயல் என்ஃபீல்டு, 1932-ல் புல்லட் என்ற பெயரை முதன்முதலில் ஒரு வண்டிக்குச் சூட்டியது. இன்று நாம் அறிந்த உருவம் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வந்தது. இந்திய ராணுவம் எல்லைப் பணிக்காக வாங்கத் தொடங்க, 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெடிச் நிறுவனமும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. தாய் நிறுவனம் 1970-ல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. திருவொற்றியூரோ நிறுத்தவில்லை, 1977-ல் இங்கிலாந்துக்கே புல்லட்டுகளை ஏற்றுமதி செய்யத் தொடங்கியது. சிலிண்டர் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம், பிஸ்டன் குறுக்களவு 70 மில்லிமீட்டர், ஓட்டம் 90 மில்லிமீட்டர், கொள்ளளவு 346 சிசி. இந்த அளவுகள் அரை நூற்றாண்டு மாறவே இல்லை. ஆகவேதான் திருவொற்றியூரிலிருந்து ஐம்பதுகளில் வெளிவந்த என்ஜினின் நோயை, தொண்ணூறுகளில் தொழில் கற்ற ஒருவரால் காதால் கேட்டே சொல்ல முடிகிறது.

ஒற்றைச் சிலிண்டர் என்பது நோய் பார்ப்பவருக்குச் சிரமமும் தரும், வசதியும் தரும். நான்கு சிலிண்டர் கார் ஒன்றில் ஒரு பிளக் செத்தால் மற்ற மூன்றும் இழுத்துக்கொண்டு போகும். பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, எதைக் கழற்றும்போது சத்தம் மாறவில்லையோ அதுதான் குற்றவாளி என்று பிடித்துவிடலாம். ஒற்றைச் சிலிண்டரில் ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்தில் இன்னொன்று இல்லை. ஓடினால் ஓடும், நின்றால் நிற்கும். ஆனால் எதையும் ஒளிக்கவும் அதனால் முடியாது. நிமிடத்துக்கு 800 சுற்றில் ஐட்லிங் ஓடும் புல்லட்டில், இரண்டு சுற்றுக்கு ஒரு வெடிப்பு வீதம், நொடிக்கு ஆறேழு வெடிப்புகள்தான். அதில் ஒன்று தவறினால் தெருமுனையில் நிற்பவருக்கும் கேட்கும்.

பெட்ரோல் என்ஜின் ஓட நான்கு வேண்டும்: எரியக்கூடிய கலவை, அதை இறுக்கும் அழுத்தம், பொறி, அந்தப் பொறி சரியான நொடியில் விழுவது. இது எல்லாப் பாடப் புத்தகத்திலும் உண்டு. பிரித்துக் கோத்த என்ஜினுக்கு மட்டும் பொருந்தும் ஒன்று புத்தகங்களில் அவ்வளவாக இல்லை. நாள்பட ஓடிய வண்டி நின்றால் 'எது தேய்ந்தது?' என்று கேட்கலாம். நேற்றுக் கோத்த வண்டியில் எதுவும் தேயவில்லை, எல்லாமே கை பட்டவை. அங்கே கேட்க வேண்டியது 'கடைசியாகக் கை பட்டது எது, அதில் என்ன மாறியது?' என்பதே. புதிதாக மாட்டிய பொருளும் சந்தேகப் பட்டியலில் இருக்கிறது என்பதை ஏற்க, காசு கொடுத்து வாங்கியவருக்கு மனம் வராது. பட்டறைகளில் நேரம் வீணாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

இந்த வண்டியே முதல் நாள் கிளம்பவில்லை. பிளக்கைக் கழற்றி, வயரோடு சேர்த்து ஹெட்டின் மேல் படுக்கவைத்துக் கிக்கரை மிதித்தால், பிளக் முனையில் 'டிக்' என்ற சத்தத்தோடு நீலப்பொறி தாவ வேண்டும். ஒன்றும் வரவில்லை. காயில் புதிது, பேட்டரி புதிது, பாயின்ட் புதிது. ஒரு துண்டு வயரை எடுத்து என்ஜினுக்கும் பேட்டரியின் எர்த் முனைக்கும் நேரடியாகப் பிடித்ததும் பொறி வந்துவிட்டது. காரணம், பளபளவென்று மின்னும் அந்தப் பவுடர் கோட்டிங். சுட்டு ஒட்டவைத்த பிளாஸ்டிக் படலம் அது, மின்சாரத்தைக் கடத்தாது. பழைய வண்டியில் சேஸிஸ் இரும்பே திரும்பி வரும் மின்சாரத்துக்குப் பாதை. பெயின்ட் உதிர்ந்து, துரு ஏறி, போல்ட் இறுகி, இரும்போடு இரும்பு தொட்டுக்கொண்டிருந்த இடத்தை அழகான ஒரு தோல் மூடிவிட்டது. எர்த் போல்ட்டின் அடியில் காசளவு சுரண்டியதும் வேலை முடிந்தது.

பொறி வந்த பிறகு வேறொரு தகராறு. மிதித்தால் கார்புரேட்டர் வழியாக 'டப்' என்று ஓர் உமிழல், பெட்ரோல் வாடை, அவ்வளவுதான். புல்லட்டில் பாயின்ட் இருக்கும் டிஸ்ட்ரிபியூட்டர், கிராங்க் இரண்டு சுற்று சுற்றும்போது ஒரு சுற்றுதான் சுற்றும். அந்த இரண்டு சுற்றில் பிஸ்டன் இருமுறை உச்சிக்கு வரும்: ஒருமுறை கலவையை இறுக்கிக்கொண்டு, இன்னொருமுறை எரிந்த புகையை வெளியே தள்ளிக்கொண்டு. இரண்டாவது உச்சியில் வால்வுகள் இரண்டும் லேசாகத் திறந்திருக்கும். டைமிங் வைத்தவர் அந்த உச்சியைப் பிடித்து வைத்துவிட்டால், திறந்த வாசலில் தீக்குச்சி கிழித்த மாதிரி பொறி விழுகிறது. மறுபடி முதலிலிருந்து வைத்தார்கள்.

டைமிங் வைக்கும் வேலையைக் கிட்ட நின்று பார்க்க வேண்டும். இந்த என்ஜினுக்கு, பிஸ்டன் உச்சியை அடைய 0.8 மில்லிமீட்டர் இருக்கும்போது பாயின்ட் திறக்கத் தொடங்க வேண்டும். பாயின்ட் முழுதாகத் திறந்து நிற்கும்போது இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். முதலில் இடைவெளி, பிறகு டைமிங். வரிசை மாறினால் இரண்டும் கெடும், இடைவெளியைக் கூட்டினால் பாயின்ட் முன்னதாகவே திறக்கும். பிளக் துளை வழியே ஒரு கம்பியை விட்டுப் பிஸ்டனின் உயரத்தை அளந்து, 0.8 மில்லிமீட்டர் கீழே நிறுத்துகிறார் மெக்கானிக். சிகரெட் பெட்டியின் உள்ளே இருக்கும் மெல்லிய காகிதத்தில் ஒரு கீற்றுக் கிழித்துப் பாயின்ட்டின் இரண்டு முகங்களுக்கு நடுவே கவ்வவைக்கிறார். ஒரு கையால் காகிதத்தை லேசாக இழுத்துக்கொண்டே, மறு கையால் டிஸ்ட்ரிபியூட்டரை நூலிழை நூலிழையாகத் திருப்புகிறார். காகிதம் எந்தப் புள்ளியில் பிடி விட்டு வழுக்கி வருகிறதோ அங்கேதான் பாயின்ட் திறக்கிறது. அந்தப் புள்ளியில் போல்ட்டை இறுக்குகிறார். அம்மீட்டர் முள் நடுவுக்குத் திரும்புவதும் இதே புள்ளிதான். பாயின்ட் மூடியிருக்கும்போது காயில் மின்சாரம் இழுக்கிறது, முள் சாய்கிறது. திறந்ததும் இழுப்பு நிற்கிறது, முள் திரும்புகிறது.

0.8 மில்லிமீட்டர் என்பது கேட்கச் சின்ன அளவு. உச்சிக்கு அருகில் பிஸ்டன் கிட்டத்தட்ட நின்றுகொண்டிருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. கிராங்க் உச்சிக்கு முந்தைய 10 டிகிரி சுற்றும்போது பிஸ்டன் நகர்வது சுமார் 0.8 மில்லிமீட்டர்தான், அதற்கும் முந்தைய 10 டிகிரியில் நகர்வது அதைப் போல மூன்று மடங்கு. ஆகவே இங்கே கால் மில்லிமீட்டர் பிசகினாலும் அது ஒன்றரை டிகிரிப் பிழை. பொறி அதிகம் முந்தினால், பிஸ்டன் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே வெடிப்பின் அழுத்தம் அதைக் கீழே தள்ளும். மெதுவாக மிதிக்கும் கிக்கர் திருப்பி அடிக்கும். கணுக்காலில் அந்த அடி வாங்கியவர்கள் புல்லட்காரர்களில் ஏராளம். பிந்தினாலோ, வெடிப்பின் சூடு பிஸ்டனைத் தள்ளாமல் சைலன்சர் வழியே போய்விடும். பிக்கப் இருக்காது, எக்ஸாஸ்ட் பைப் நீலம் பாரிக்கும். ஓடும்போது வேகத்துக்கேற்பப் பொறியை முன்னால் நகர்த்த, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இரண்டு குட்டி எடைகளும் ஸ்பிரிங்குகளும் உண்டு. கலவை எரிந்து முடிய எடுக்கும் நேரம் வேகத்தோடு பெரிதாக மாறுவதில்லை, ஆனால் 3000 சுற்றில் ஒரு மில்லி நொடிக்குள் கிராங்க் 18 டிகிரி சுற்றிவிடுகிறது. ஆகவே பொறி முன்கூட்டியே விழுந்தாக வேண்டும். இந்த எடைகளைக் கிரீஸ் உலர்ந்த நிலையில் அப்படியே மாட்டிவிட்டால் அவை விரிந்த இடத்திலேயே ஒட்டிக்கொள்ளும். ஸ்டார்ட்டிங்கில் கிக்கர் அடிப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இத்தனையும் சரிசெய்த பிறகுதான் வண்டி ஓடியது. ஓடிய பிறகுதான் அந்தப் பதினைந்து நிமிட நோய் தெரிந்தது.

மறுபடி நிற்கும்வரை ஓட்டிப் பார்ப்பதற்கு முன்னால் ஒன்றை உறுதி செய்யாமல் மெக்கானிக் சாவியைத் தொடவில்லை. ஆயில். மற்ற கோளாறுகளில் பெரும்பாலானவை வண்டியை நிறுத்தும், பொருளைக் கெடுக்காது. ஆயில் போகவில்லை என்றால் சில நிமிடங்களில் கிராங்க் போய்விடும். வார்ப்பிரும்புச் சிலிண்டர் கொண்ட இந்தப் புல்லட்டின் பிக் எண்டில் உருளைகள் கிடையாது, சுற்றிக்கொண்டே மிதக்கும் ஒரு புஷ்தான் உண்டு. இரண்டு பக்கமும் ஆயில் படலத்தில் நீந்தினால்தான் அது உயிரோடிருக்கும். அந்த ஆயில் டைமிங் கவருக்குள் துளைத்த பாதை வழியாக வந்து, கிராங்க் முனையில் நுழைகிறது. கவரும் கிராங்கும் சந்திக்கும் இடத்தில் கசியாமல் காப்பது ஒரு சின்ன கார்க் வாஷர். சில ரூபாய்ப் பொருள். அதைப் போட மறந்தாலோ, பேக்கிங் காகிதத்தில் ஆயில் துளை சரியாக வெட்டப்படாமல் இருந்தாலோ, தாராளமாகத் தடவிய சிலிக்கான் பசை உள்ளே பிதுங்கிப் பாதையை அடைத்தாலோ, வெளியே எதுவும் தெரியாது. ராக்கருக்குப் போகும் ஆயில் குழாயின் போல்ட்டைத் தளர்த்தி, என்ஜினை ஐட்லிங்கில் விட்டு, அங்கே ஆயில் துளிர்த்து வழிவதைக் கண்ணால் பார்த்தார். டிப் ஸ்டிக் ஆயில் இருக்கிறது என்று சொல்லும். ஓடுகிறது என்று அதால் சொல்ல முடியாது.

அப்போதே என்ஜினின் இடுப்பெல்லாம் ஆயில் வியர்த்திருப்பதும் கண்ணில் பட்டது. மகனுக்கு முகம் வாடிவிட்டது. எல்லாப் பேக்கிங்கும் புதிது. இங்கே பேக்கிங்கின் மேல் பழிபோடுவது அவசரம். ஒற்றைப் பிஸ்டன் கீழே இறங்கும்போது கிராங்க் கேஸுக்குள் இருக்கும் காற்றில் 346 சிசி இடத்தை அது பிடித்துக்கொள்கிறது, ஏறும்போது விட்டுக்கொடுக்கிறது. இரட்டைச் சிலிண்டரில் ஒன்று ஏறும்போது மற்றொன்று இறங்கும்படி அமைத்துச் சமன் செய்யலாம். இங்கே அதற்கு வழியில்லை. நொடிக்குப் பல தடவை உள்ளிருக்கும் காற்று அமுங்கி விரிகிறது. அமுங்கும் காற்றை வெளியே விட்டு, திரும்பி வராமல் தடுக்க, வாத்தின் அலகு போலப் பிளந்த ரப்பர் வால்வு ஒன்று மூச்சுக்குழாயில் உண்டு. அது இறுகிப்போயிருந்தாலோ, குழாய் மடங்கியிருந்தாலோ, அழுத்தம் வேறு வழி தேடும், கிடைத்த இடுக்கிலெல்லாம் ஆயிலைத் தள்ளும். பேக்கிங்கை மூன்றுமுறை மாற்றியும் நிற்காத கசிவு, இருபது ரூபாய் ரப்பர் துண்டில் நின்றுவிடுவது உண்டு. இந்த வண்டியிலும் குழாய் சீட்டின் அடியில் நசுங்கித்தான் கிடந்தது.

போர் டைட்டாக இருக்கும் என்ற மகனின் சந்தேகமும் பொருளற்றது அல்ல. லேத்தில் போர் செய்யும்போது பிஸ்டனுக்கும் சுவருக்கும் இடையே விட வேண்டிய இடைவெளியில்தான் இந்த என்ஜினின் ஆயுள் இருக்கிறது. அலுமினியம் சூட்டில் விரிவது வார்ப்பிரும்பைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. 70 மில்லிமீட்டர் பிஸ்டனும் அதைச் சூழ்ந்த சிலிண்டரும் 100 டிகிரி சூடேறினால் பிஸ்டன் 0.16 மில்லிமீட்டர் பெருக்கிறது, சிலிண்டர் சுமார் 0.08 மில்லிமீட்டர்தான் பெருக்கிறது. ஒரு தலைமுடியின் தடிமன் அளவு இடைவெளி காணாமல் போய்விடுகிறது. உண்மையில் பிஸ்டன் சிலிண்டரைவிட அதிகம் சுடும், ஆகவே இன்னும் குறையும். நெருக்கமாக இருந்தால் நல்லது என்று நினைத்து இறுக்கிப் போர் செய்த என்ஜின், சூடேறியதும் பிஸ்டனைக் கவ்விக்கொள்ளும். ஆறினால் விட்டுவிடும். பதினைந்து நிமிடம், அரைமணி நேரம் என்ற கணக்கு இதோடும் ஒத்துப்போகிறது.

ஒத்துப்போவது இது ஒன்று மட்டும் என்றால் சுலபம். டேங்க் மூடியில் ஊசித்துளை ஒன்று உண்டு. பெட்ரோல் இறங்க இறங்க அதன் வழியே காற்று உள்ளே போக வேண்டும். குரோம் செய்தபோதோ, புது ரப்பர் வைத்தபோதோ அது அடைபட்டால் டேங்குக்குள் வெற்றிடம் உருவாகி, கால் மணி நேரத்தில் பெட்ரோல் இறங்குவது நின்றுவிடும். சிறிது நேரத்தில் காற்று மெல்லக் கசிந்து உள்ளே போக, வண்டி பழையபடி கிளம்பும். டேப்பெட் இறுக்கமாக வைத்திருந்தாலும் இதே கதை. குளிர்ந்த நிலையில் புஷ் ராட் விரலால் உருட்டினால் சுழல வேண்டும், ஆனால் மேலும் கீழும் ஆடக் கூடாது. அதற்கு மேல் இறுக்கினால், சூட்டில் வால்வுத் தண்டு நீண்டு இருக்கையில் சரியாக உட்காராது, அழுத்தம் வெளியேறும். கார்புரேட்டரும் ஹெட்டும் சேரும் இடத்தில் பட்டை வளைந்திருந்தால், சூடேறியதும் திருட்டுக் காற்று புகுந்து கலவையில் பெட்ரோல் குறையும். போதாததற்கு இப்போது பங்க்குகளில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 கிராம் போதும். அந்தக் காலத்து ஜெட் அளவிலேயே புதுப் பெட்ரோலை விட்டால் காற்று மிஞ்சிப்போகிறது, என்ஜின் கூடுதலாகச் சுடுகிறது. நின்று கிடக்கும் வண்டியில் எத்தனால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு டேங்கைத் துருப்பிடிக்கவைக்கும், பழைய ரப்பர்களை ஊதவைக்கும் என்பதும் சேர்ந்துகொள்கிறது. காயிலும் சூட்டில் சாகும். கண்டென்சரும் சாகும்.

ஆக, ஒரே அறிகுறிக்கு அரை டஜன் காரணங்கள். என்ஜினை இறக்கிப் பிரித்தால் இந்தப் பட்டியலில் ஒன்றைத்தான் சோதிக்க முடியும். மீதி எல்லாம் வண்டி நின்ற அடுத்த இரண்டு நிமிடங்களில், சூடு ஆறுமுன், வெறும் கையாலேயே தெரிந்துவிடும். அரைமணி கழித்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தால் தடயம் எல்லாம் ஆறிப்போயிருக்கும். நிற்கும்போது பக்கத்தில் இருக்க வேண்டும் என்று அவர் சொன்னதன் பொருள் அதுதான்.

மறுநாள் காலை பட்டறை வாசலிலிருந்து தெருவைச் சுற்றிச் சுற்றி ஓட்டினார்கள். பதினான்காவது நிமிடம் விக்கல். நின்றது. ஓரமாக நிறுத்திய உடனே மெக்கானிக் கிக்கரைக் கையால் அழுத்தினார். பிஸ்டன் தடையில்லாமல் நகர்ந்தது; ஆக, கவ்வல் இல்லை. உச்சிக்கு அருகில் காற்று நன்றாக இறுகியது. வால்வும் ரிங்கும் மூடுகின்றன. டேங்க் மூடியைத் திறந்தார். காற்று உறிஞ்சும் சத்தம் வரவில்லை. கார்புரேட்டரின் அடித்தொட்டியைத் தளர்த்தினார். பெட்ரோல் தாராளமாக வழிந்தது. அத்தனைக்கும் ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். நுனி கருக்கவும் இல்லை, வெளுக்கவும் இல்லை, ஆனால் பெட்ரோலில் நனைந்திருந்தது. கலவை வந்து சேர்ந்திருக்கிறது, எரியவில்லை.

பிளக்கை ஹெட்டின் மேல் வைத்து மிதித்தார். பொறி வந்தது, ஆனால் மஞ்சள். சோர்ந்துபோன, சத்தமில்லாத மஞ்சள்.

மஞ்சள் பொறிக்குக் காயிலும் காரணமாக இருக்கலாம், கண்டென்சரும் காரணமாக இருக்கலாம். எது என்று அறிய டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, கையால் மறைத்து நிழலாக்கி, மகனை மிதிக்கச் சொன்னார். பாயின்ட் திறக்கும் இடத்தில், இரண்டு முகங்களுக்கு நடுவே, நீலவெள்ளையாக ஒரு தடித்த பொறி பளிச்சிட்டது. வெளியே பிளக்கில் இருக்க வேண்டிய வெளிச்சம் அங்கே வீணாகிக்கொண்டிருந்தது.

இதன் இயற்பியலைத் தண்ணீர்க் குழாயைக் கொண்டு விளக்கலாம். மாடித் தொட்டியிலிருந்து வேகமாக ஓடும் தண்ணீரைச் சட்டென்று அடைத்தால் குழாய் உதறும். ஓட்டம் நின்ற வேகத்துக்கேற்ப அழுத்தம் எகிறும். மெதுவாக அடைத்தால் உதறாது. காயிலின் முதல் சுற்றில் ஓடும் மின்சாரமும் அப்படித்தான். பாயின்ட் திறந்து அது எவ்வளவு சடுதியாக நிற்கிறதோ, அவ்வளவு வேகமாகக் காந்தப்புலம் சரிந்து, இரண்டாம் சுற்றில் பல்லாயிரம் வோல்ட் எழும். சிக்கல் என்னவென்றால், ஓடும் மின்சாரம் நிற்க விரும்புவதில்லை. 6 அல்லது 12 வோல்ட் பேட்டரிதான், ஆனால் நிறுத்தும் கணத்தில் முதல் சுற்றிலேயே சில நூறு வோல்ட் கிளம்பிவிடுகிறது. பாயின்ட் அப்போதுதான் பிரியத் தொடங்கியிருக்கும், இடைவெளி மயிரிழை அளவு. மின்சாரம் அதைச் சுலபமாகத் தாவிவிடும். தாவினால் ஓட்டம் நிற்கவில்லை என்று பொருள், அதாவது குழாயை மெதுவாக அடைத்ததற்குச் சமம். பாயின்ட்டுக்குப் பக்கத்தில் இணைத்திருக்கும் கண்டென்சரின் வேலை, அந்த நுண் கணத்துக்கு மட்டும் மின்சாரத்துக்கு ஒதுங்க இடம் கொடுப்பது. அது நிரம்புவதற்குள் பாயின்ட் தாவ முடியாத தூரம் விலகிவிடும். விரல் நுனி அளவு தகர உருளை, கொள்ளளவு சுமார் 0.2 மைக்ரோஃபாரட். உள்ளே தாளும் தகடும் சுருட்டி வைத்திருக்கிறது. சூட்டில் உள்ளிணைப்பு விலகினால் அது இல்லாததற்குச் சமம். ஆறினால் மறுபடி சேர்ந்துகொள்ளும். அமெரிக்கப் பொறியாளர் சார்லஸ் கெட்டரிங் 1910-ஐ ஒட்டி கார்களுக்காக உருவாக்கிய பேட்டரி இக்னிஷனின் வழித்தோன்றல்தான் இது. நூறாண்டு கழித்தும் அதே நோய்களோடு தொடர்கிறது. காயில் செத்திருந்தால் பிளக்கில் பொறி சோர்ந்திருக்கும், ஆனால் பாயின்ட்டில் இப்படித் தடித்த வெளிச்சம் இராது. இரண்டையும் பிரித்துக் காட்டும் அடையாளம் அதுதான்.

"கண்டென்சரா? அது புதுசுண்ணே. கவர் பிரிச்சே ஒரு வாரம்தான் ஆச்சு."

"பழசு என்ன பண்ணினே?"

பழையது தூக்கிப் போடப்படவில்லை. பிரித்த நட், போல்ட், வாஷர்களோடு சேர்ந்து ஒரு பிஸ்கட் டப்பாவில் கிடந்தது. மெக்கானிக் அதைத் தேடி எடுத்துத் துணியால் துடைத்தார். உள்ளே பொருத்தவில்லை. புதியதன் வயரைக் கழற்றி ஓரம் கட்டிவிட்டு, பழையதை டிஸ்ட்ரிபியூட்டருக்கு வெளியே ஒரு போல்ட்டில் எர்த் ஆகும்படி கட்டி, வயரைப் பாயின்ட் முனைக்குக் கொடுத்தார். வேறு எதிலும் கை வைக்கவில்லை. பிளக்கைக்கூட மாற்றவில்லை, துடைத்து மாட்டினார். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது குணமாக்கியது என்று தெரியாமல் போய்விடும். அடுத்த தடவை வழியில் நிற்கும்போது அந்த அறியாமைக்கு விலை கொடுக்க வேண்டியிருக்கும்.

சூடு ஆறாத என்ஜின். முள் சாய்ந்தது, திரும்பியது. ஒரே மிதி.

கருகத் தொடங்கியிருந்த பாயின்ட் முகங்களை அன்று மாலை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, இடைவெளியை மறுபடி அளந்து, சிகரெட் காகிதத்தால் டைமிங்கையும் மறுபடி பார்த்தார்கள். முகத்தைத் தேய்த்தால் இடைவெளி மாறும், இடைவெளி மாறினால் டைமிங் மாறும். புது ரிங்குகள் சிலிண்டர் சுவரோடு பழகும்வரை, முதல் 500 கிலோமீட்டருக்கு, 40, 50 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்ட வேண்டாம், ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓட்டவும் வேண்டாம் என்று மகனிடம் சொல்லி அனுப்பினார்.

மூன்று நாள் கழித்து வண்டி வந்தது. பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார்கள். பீங்கான் மூக்கு பால் விட்ட காபி நிறத்தில் இருந்தது. வேறொரு கடையில் வாங்கிய கண்டென்சரை உள்ளே பொருத்திவிட்டு, பழையதை ஒரு பிளாஸ்டிக் உறையில் சுற்றி, டூல் பாக்ஸில் ஸ்பேனர்களுக்கு அடியில் மகனே பத்திரப்படுத்தினார்.